புட்டியில் வரும் ஞாபகசக்தி

வல்லாரை, நீர்ப்பிரமி, கிங்கோ என்று பரீட்சைக் காலத்தில் கடைகளை நிறைக்கும் மூலிகை மாத்திரைகள் மெய்யாகவே மூளைக்கு உதவுகின்றனவா?

மாசி பிறந்துவிட்டால் மதுரைக் கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு புதுக் கூட்டம் தலைகாட்டத் தொடங்குகிறது. சுக்கும் திப்பிலியும் கடுக்காயும் நிறைந்த சாக்குகளுக்கு நடுவே, பெருங்காயமும் வசம்பும் கலந்து கமழும் ஒரு குறுகிய கடை வாசலில், வேலை முடிந்து நேரே வந்த களைப்போடு ஒரு தாயாரும், பள்ளிக்கூடச் சீருடையை இன்னும் மாற்றாத அவருடைய பிள்ளையும் நிற்கிறார்கள். பையனின் கையில் இயற்பியல் புத்தகம். விரல் ஒரு பக்கத்தில் செருகியபடியே இருக்கிறது.

"அண்ணாச்சி, பரீட்சைக்கு மூணு வாரந்தான் கெடக்கு. ராத்திரி படிச்சது காலையில இவனுக்கு நிக்க மாட்டேங்குது. ஏதாவது குடுங்க."

"வல்லாரைப் பொடி தரவாம்மா, இல்ல மாத்திரையா வேணுமா? இப்ப எல்லாரும் மாத்திரைதான் கேக்குறாங்க."

"எது சீக்கிரம் வேலை செய்யுமோ அதக் குடுங்க."

"அம்மா, போன வருஷம் அக்காவுக்கு வாங்கினதே வீட்டுல பாதி இருக்கும்மா" என்கிறான் பையன். அவன் ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

தாயாரின் கவலையை நாம் பரிகசிக்க வேண்டியதில்லை. இரண்டு மதிப்பெண் குறைந்தால் ஒரு கல்லூரி கைநழுவிப் போகிற தேசத்தில், இருநூறோ முந்நூறோ கொடுத்து ஒரு புட்டி வாங்குவதை வீண் செலவென்று எந்தத் தாய்தான் நினைப்பாள்? அதே கடைக்கு, பெயர்கள் மறந்துபோகின்றன, கண்ணாடியை வைத்த இடம் தெரியவில்லை என்று முறையிட்டுக்கொண்டு, ஓய்வு பெற்ற பெரியவர்களும் வருகிறார்கள். இந்த இரண்டு சாராரையும் குறிவைத்தே இன்று மூலிகை வியாபாரத்தின் ஒரு பெரும் பகுதி நடைபெறுகிறது. ஆகவே, இந்த மூலிகைகள் ஞாபகத்தையும் மனத்தின் ஒருமைப்பாட்டையும் உண்மையில் வளர்க்கின்றனவா என்று கேட்பதோடு, வளர்க்கும் என்று நம்பி வாங்குவதால் வேறு எவை கவனிக்கப்படாமல் போகின்றன என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

சாஸ்திரத்திலிருந்து சந்தைக்கு

மூளைக்கு மூலிகை என்பது நேற்று முளைத்த விளம்பரமன்று. சரக சம்ஹிதையின் சிகித்சா ஸ்தானத்திலேயே புத்திக்கு நலம் தரும் 'மேத்ய ரசாயனங்கள்' என்று நான்கு பொருள்கள் கூறப்பட்டிருக்கின்றன: மண்டூகபர்ணி எனப்படும் வல்லாரையின் சாறு, பாலோடு அதிமதுரத் தூள், சீந்தில் சாறு, சங்கபுஷ்பியின் விழுது. நம்முடைய வீடுகளிலோ வல்லாரை மருந்தாக இருந்ததைவிடத் துவையலாகவும் கூட்டாகவும் இருந்ததுதான் அதிகம். கல்விக்கு அதிதேவதையின் பெயரைச் சூட்டிச் சரசுவதிக் கீரை என்று அதை அழைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அது சம்பலாக இலையில் விழுகிறது.

மூலிகை மாத்திரையாக மாறிய கதையில் லக்னோ நகரத்துக்கு ஒரு முக்கிய பாகம் உண்டு. கோமதி நதிக்கரையில் நவாபுகளின் சத்தர் மன்சில் அரண்மனையில் 1951ஆம் ஆண்டு ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், ஈரமான வயல் வரப்புகளில் படரும் நீர்ப்பிரமியை எடுத்துக்கொண்டு, அதில் அடங்கிய 'பாகோசைடு' என்னும் பொருள்களே அதன் குணத்துக்குக் காரணம் என்று கருதி, அவற்றின் அளவை நிலைப்படுத்திய ஒரு சாரத்தைத் தயாரித்தார்கள். தொண்ணூறுகளில் அந்தச் சாரம் 'மெமரி பிளஸ்' என்ற பெயரோடு சந்தைக்கு வந்தபோது, சதுரங்க மேதை விசுவநாதன் ஆனந்தின் முகம் அதன் விளம்பரத்தில் இருந்தது. ஆனந்த் சதுரங்கம் கற்றது தம் தாயாரிடத்தில், ஆறு வயதில். மாத்திரை பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால். ஆனால் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கால வரிசையைப் பற்றி யோசித்திருப்பார்கள்?

தராசில் நிறுத்தபோது

ஒரு மருந்து பயன் தருகிறதா என்று அறிவதற்கு இன்றைய விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளும் மார்க்கம் ஒன்றுதான். சமமான இரு கூட்டத்தாரில் ஒரு சாராருக்கு மருந்தும், மறு சாராருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில் வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது போகிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியாமல், உண்பவருக்கும் தெரியாமல் வைத்திருந்து, காலம் முடிந்தபின் இருவரையும் ஒரே பரீட்சைக்கு உட்படுத்துவது அது. 'என் மகள் சாப்பிட்டாள், முதல் மார்க் வாங்கினாள்' என்கிற சாட்சியம் இந்தத் தராசில் ஏறாது. ஏனென்றால், மாத்திரை வாங்கித் தந்த அதே மாதத்தில்தான் அந்த வீட்டில் தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருக்கும்; கைப்பேசி பீரோவுக்குள் பூட்டப்பட்டிருக்கும்; மகளும் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

இந்தத் தராசில் நிறுத்தபோது, மூலிகைகளுக்குள் ஓரளவாவது எடை காட்டியது நீர்ப்பிரமிதான். ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயதுக்குட்பட்ட 76 பேரை வைத்து நடத்தி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரிசோதனையின் முடிவு கூர்ந்து படிக்கத் தக்கது. மூன்று மாதம் நீர்ப்பிரமி உண்டவர்கள் புதிய விஷயங்களைக் கற்றுக்கொண்ட வேகம் சற்றும் கூடவில்லை. கற்றதை மறக்கும் வேகம் மட்டும் குறைந்திருந்தது. கவனம், சற்று முன் கேட்டதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுதல், அன்றாடக் காரியங்களின் ஞாபகம் ஆகியவற்றில் வேற்றுமை காணவில்லை. பிற்பாடு 2012ஆம் ஆண்டில் இத்தகைய ஆறு பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த அறிஞர்களும் ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். தூண்டுதலின்றி நினைவுகூர்வதைச் சோதித்த 17 தேர்வுகளில் 9இல் முன்னேற்றம் தெரிந்தது. அறிவின் மற்றத் துறைகளில் சாதகமான சான்று போதிய அளவில் இல்லை.

இதைப் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. அற்புதமென்று கொண்டாடவும் முடியாது. பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் சில டஜன் பேர். காலமோ சில மாதங்கள். பெரும்பாலானோர் நடுத்தர வயதினரும் முதியோரும் ஆவர். கடையில் நின்ற அந்தப் பதினேழு வயதுப் பையனைப் போன்றவர்கள் இந்தக் கணக்கில் இடம்பெறவேயில்லை. பிள்ளைகளை வைத்து ஒழுங்காக நடத்தப்பட்ட பரிசோதனை ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓரிடத்தில் நிலைகொள்ளாமலும் கவனம் சிதறியும் அவதிப்பட்ட 6 முதல் 14 வயது வரையிலான 112 சிறுவர்களை அதில் சேர்த்து, 14 வாரம் நீர்ப்பிரமிச் சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் முதன்மையாக எதிர்பார்த்த நடத்தை மாற்றத்தில் வெற்று மாத்திரைக்கும் மூலிகைக்கும் வேற்றுமை இல்லை. உறக்கம் போன்ற சில பக்க விஷயங்களில் மட்டும் ஏதோ கொஞ்சம் நன்மை தென்பட்டது. மனம் ஒருமுகப்படும் என்று பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற பெற்றோருக்கு இது முக்கியமான சமாசாரம்.

வல்லாரையின் நிலைமை இன்னும் பலவீனமானது. அதைப் பற்றிய 11 பரிசோதனைகளைத் தாய்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அறிவாற்றலின் எந்தத் துறையிலும் வல்லாரையால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. உண்ட சிறிது நேரத்துக்குச் சுறுசுறுப்பு மிகுவதும் கோபம் தணிவதும் சாத்தியம் என்பதற்கு மட்டும் சில அறிகுறிகள் இருந்தன. கோபம் தணிவதும் பரீட்சைக் காலத்து வீடுகளுக்கு வேண்டியதுதான்; ஆனால் அதற்குப் பிள்ளையைவிடத் தகப்பனார் சாப்பிடுவதே உசிதமாக இருக்கலாம்.

> பன்னிரண்டு வாரக் கணக்கு
>
> நீர்ப்பிரமியின் ஒரே ஒரு வேளை அளவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்த 2001ஆம் ஆண்டுப் பரிசோதனையில் பலன் எதுவும் இல்லை.
>
> பலன் தெரிந்த பரிசோதனைகளில் வழக்கமான அளவு நாள் ஒன்றுக்கு 300 மில்லிகிராம் சாரம். காலம் பெரும்பாலும் 12 வாரம்.
>
> அந்தக் கணக்கை அப்படியே நம்பினாலும், பிப்ரவரி நடுவில் வாங்கிய புட்டி வேலை செய்யத் தொடங்குவது மே மாதத்தில். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் தொடங்குவது மார்ச் மாதத்தில்.
>
> உண்டவர்கள் அதிகம் முறையிட்ட தொந்தரவுகள்: வயிற்றுப் பிடிப்பு, குமட்டல், அடிக்கடி மலம் கழிதல். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியவனுக்கு இவையும் விஷயந்தான்.

மூவாயிரம் முதியோர் சொன்ன பதில்

மேனாட்டார் ஞாபகசக்திக்கு நாடுவது கிங்கோ மரத்தின் இலையை. ஜெர்மனியில் அந்த இலையிலிருந்து பக்குவமாக எடுக்கும் ஒரு சாரம் உலகத்திலேயே மிகுதியாக ஆராயப்பட்ட மூலிகை மருந்துகளில் ஒன்று. சிறுசிறு பரிசோதனைகள் பலவற்றில் அது நற்சாட்சிப் பத்திரம் பெற்றிருந்தது. அதைக் கண்டு, இனிச் சந்தேகத்துக்கு இடமில்லாதபடி ஒரே பெரிய பரிசோதனையாக நடத்திவிடுவோம் என்று அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார ஆராய்ச்சித் துறை பொருளுதவி செய்ய முன்வந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 முதியோர் அதில் சேர்ந்தார்கள். நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 120 மில்லிகிராம் என்று பாதிப் பேருக்குக் கிங்கோவும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் சராசரியாக ஆறாண்டுக் காலம் கொடுக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டவர்களில் 246 பேருக்கு மறதிநோய் கண்டிருந்தது. கிங்கோ உண்டவர்களில் 277 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம் என்றே புள்ளியியல் சொல்கிறது. ஆயினும் மருந்தால் ஒரு காப்பும் கிடைக்கவில்லை என்பதில் ஐயமில்லை. நோய் காணாதவர்களுடைய ஞாபகம் தேய்வதையும் அது தாமதப்படுத்தவில்லை என்று மறு ஆண்டே இன்னொரு கட்டுரை உரைத்தது. பிரெஞ்சு தேசத்தில் 2,800க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு ஐந்து ஆண்டு நடத்திய வேறொரு பரிசோதனையும் 2012இல் இதே தீர்ப்பைத்தான் வழங்கியது.

சிறிய பரிசோதனைகளில் தெரிந்த பலன் பெரியதில் ஏன் மறைந்தது? முப்பது பேரை வைத்து நடத்தும் சோதனையில் நாலு பேர் தற்செயலாக நன்றாக எழுதிவிட்டாலே சராசரி உயர்ந்துவிடும். அப்படி உயர்ந்த முடிவுகள் பத்திரிகையில் ஏறுகின்றன. உயராதவை மேஜை இழுப்பறையில் உறங்குகின்றன. நீர்ப்பிரமிக்குக் கிங்கோவைப் போன்ற பெரும் பரிசோதனை இன்னும் வாய்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதன் நற்சாட்சிப் பத்திரங்களைப் படிப்பது நலம்.

> துண்டு போட்ட கணக்கு
>
> மூலிகையன்று என்றாலும், அமெரிக்காவில் ஜெல்லிமீனின் புரதத்தைக் கொண்டு விற்பனையான 'ப்ரீவாஜென்' என்ற ஞாபக மாத்திரையின் கதை இங்கே கூறத் தக்கது. 218 பேரிடம் நடத்திய சோதனையில், மொத்தமாகப் பார்க்கும்போது மாத்திரைக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு அந்தக் கூட்டத்தையே பல சிறு பிரிவுகளாகக் கூறுபோட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட விதமாய்க் கணக்கிட்டு, சாதகமாக வந்த சிலவற்றை மட்டும் விளம்பரத்தில் போட்டார்கள். 2017இல் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது; ஞாபகத்தை வளர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாதென 2024இல் நீதிமன்றம் தடை விதித்தது. இடையே ஏழு ஆண்டு வியாபாரம் தடையின்றி நடந்தது.

புட்டிக்குள்ளே இருப்பது எது?

பரிசோதனைச் சாலையில் பயன்பட்ட சாரம் ஒன்று. நம் கைக்கு வரும் புட்டி வேறொன்று. பிரமி என்றால் தெற்கே பெரும்பாலும் நீர்ப்பிரமி. வட இந்தியாவில் பல இடங்களில் அதே பெயரில் விற்பது வல்லாரை. சங்கபுஷ்பி என்ற பெயரில் கேரளத்தார் கொடுப்பது நம் வேலியோரத்துக் காக்கணங்கொடி; வடக்கே அதே பெயருக்கு உரியது தரையில் படரும் வேறொரு பூண்டு. ஒன்றன் பெயரில் நடந்த ஆராய்ச்சியைச் சுட்டி மற்றொன்றை விற்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? சரியான செடியே என்றாலும், எந்த மண்ணில் விளைந்தது, எப்போது பறித்தது, எத்தனை காலம் குடோனில் கிடந்தது என்பதைப் பொறுத்துச் சத்தின் அளவு மாறிக்கொண்டேயிருக்கும். அளவை நிலைப்படுத்தாத பொடியில் ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் ஒற்றுமை இராது.

குறைவாக இருப்பதைவிடக் கூடாதது இருப்பது பெரிய அபாயம். பாஸ்டன் நகரத்தை அடுத்த கடைகளில் விற்பனையான 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 14 தயாரிப்புகளில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது தெரியவந்தது. இணையத்தில் விற்பவற்றை 2008இல் ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. இவற்றில் சில, உலோகங்களைச் சாஸ்திரப்படியே சேர்த்துச் செய்யும் ரச மருந்துகள். சிலவற்றில் உலோகம் எப்படிப் புகுந்ததென்பதற்கு மண்ணைத்தான் கேட்கவேண்டும். இதில் ஈயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வளரும் பிள்ளைகளின் மூளையை நிரந்தரமாகப் பாதித்து, அறிவுத்திறனைக் குறைப்பதில் அதற்கு நிகரான பொருள் அரிது. ஞாபகசக்திக்கென்று வாங்கிய பொடியில் அது இருக்குமானால், அதைவிடக் கொடிய விபரீதம் வேறென்ன?

'மூலிகைதானே, பக்க விளைவு என்ன இருக்கப்போகிறது' என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. உடலில் ஒரு மாறுதலைச் செய்யவல்ல பொருள், வேண்டாத மாறுதலையும் செய்யவல்லதே. வல்லாரை மாத்திரைகளை 20 முதல் 60 நாள் வரை உண்டு கல்லீரல் பழுதுபட்ட மூன்று பெண்களைப் பற்றி அர்ஜென்டினா நாட்டு மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். இன்று பல ஞாபகக் கலவைகளில் சேர்க்கப்படும் அமுக்கராவினாலும் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இவை அபூர்வமானவைதாம், கீரையாக உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. பத்துக் கட்டுக் கீரையின் சாரத்தை ஒரு குளிகைக்குள் அடைத்துத் தினந்தோறும் விழுங்குகிறவர் மட்டும் அதைக் கீரை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

சட்டம் என்ன செய்கிறது?

இந்திய மருந்து விதிகளோடு 'ஜே' அட்டவணை என்று ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. இன்னின்ன நோய்களைத் தடுப்பதாகவோ தீர்ப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று கூறும் அந்தப் பட்டியலில், புற்றுநோய், வழுக்கை, சருமத்தை வெளுப்பாக்குதல் முதலியவற்றோடு, மூளைத்திறனைப் பெருக்குவதும் ஞாபகசக்தியை மேம்படுத்துவதும் இடம்பெற்றிருக்கின்றன! ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கவென்றே 1954ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமும் உண்டு. பெரும் மூலிகை நிறுவனம் ஒன்றின் விளம்பரங்கள் சம்பந்தமாக 2024இல் உச்ச நீதிமன்றம் காட்டிய கடுமையையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனாலும் கடை அலமாரி காலியாகவில்லை. வியாபாரிகளின் சாமர்த்தியம் வினைச்சொல்லில் இருக்கிறது. 'ஞாபகசக்தியை வளர்க்கும்' என்று அச்சடித்தால் சட்டம் குறுக்கிடும். 'ஞாபகசக்திக்குத் துணைபுரியும்' என்றால் குறுக்கிடுவது கடினம். மருந்தாகப் பதிவு செய்யாமல் ஊட்டச்சத்து உணவாகப் பதிவு செய்துகொண்டால் விதிகளே வேறு. பாரம்பரிய நூல்களில் கூறியபடி செய்யப்படும் மருந்தென்றால், பயனை நிரூபிக்கும் பரிசோதனை தேவையில்லாமலே உரிமம் பெற வழியிருக்கிறது. அட்டையில் ஒரு மூளைப் படம், கண்ணாடி அணிந்த ஒரு சிறுவன், பின்னால் ஒரு பட்டமளிப்புத் தொப்பி. சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லிவிடுகிறது.

பிள்ளைகள் மறப்பது எதனால்?

விஷயத்தின் கனமான பகுதி இங்கேதான் ஆரம்பமாகிறது. பிள்ளைக்கு மறதி என்று சொல்லி மாத்திரை வாங்கித் தந்த மாத்திரத்தில், ஒரு குற்றப்பத்திரிகை அவன் மேல் வாசிக்கப்பட்டுவிடுகிறது: உன் மூளையில் ஏதோ குறை. படித்த முறையில் குறையா, உறக்கத்தில் குறையா, உணவில் குறையா என்று யாரும் அப்புறம் விசாரிப்பதில்லை.

உணவிலிருந்தே தொடங்குவோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21ஆம் ஆண்டுகளில் கண்டபடி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பு மாத்திரமன்றிக் கவனமும் ஞாபகமும் குன்றும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துப் பள்ளி மாணவிகளிடையே நடந்து 1996இல் வெளியான ஒரு பரிசோதனையில், ரத்தசோகை வரை போகாமல் இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்த பெண்களுக்கு எட்டு வாரம் இரும்பு மாத்திரை கொடுத்தபோது, சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். நம் அரசாங்கப் பள்ளிகளில் வாரந்தோறும் இலவசமாகக் கொடுக்கும் நீல நிற மாத்திரை இதே இரும்புச்சத்துதான். வயிற்றைப் பிரட்டுகிறது என்று அதை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, மாலையில் கடைக்குப் போய் வல்லாரை மாத்திரை வாங்குகிற வினோதம் எத்தனை வீடுகளில் நடக்கிறதோ! குறை உள்ளவருக்கு மட்டுமே இரும்பும் பயன் தரும். குறை உண்டா என்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

அடுத்தது உறக்கம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை நாளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்கவேண்டும் என்பது உறக்கவியல் மருத்துவர்களின் கணக்கு. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது பெரிதும் அந்த உறக்கத்தில்தான். நம் பிள்ளைகளோ, நாலு மணிக்கு எழுந்து, டியூஷன் முடித்து, பள்ளிக்கூடம் போய், மறுபடி டியூஷன் போய், பதினோரு மணிக்குப் படுக்கிறார்கள். இரவில் படித்தது காலையில் நிற்கவில்லை என்று அந்தத் தாயார் முறையிட்டபோது, அந்த இரவு எத்தனை மணிக்கு முடிந்தது என்று அண்ணாச்சி கேட்டிருந்தால், வியாபாரம் நடந்திராது.

படிக்கும் முறையைப் பற்றி நூறு ஆண்டுக்கு மேலாக ஆராய்ச்சி நடந்துவருகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை மிக எளியது. மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு சாராரைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மறு சாராரைப் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே முந்திநின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவிகிதம், மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 சதவிகிதம். எந்த மூலிகைப் பரிசோதனையிலும் இவ்வளவு தெளிவான பலனை நான் கண்டதில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் படிப்பது சுலபம், மூடிவைத்து எழுதுவது கஷ்டம்; அதனால்தான் பிள்ளைகள் முன்னதையே விரும்புகிறார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத பொருளாகையால் அதற்கு விளம்பரமும் இல்லை.

நம் மரபிலேயே இதற்குச் சாட்சி உண்டு. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகில் பூவையோ கல்லையோ எறிந்துகொண்டேயிருப்பார். இறுதியில் எல்லாவற்றுக்கும் விடை சொல்லி, எறிந்த எண்ணிக்கையும் தவறாமல் கூறவேண்டும். இந்த வித்தை ஆண்டுக்கணக்கான அப்பியாசத்தால் கைவருவது. அவதானிகள் வல்லாரை உண்டிருக்கலாம். வல்லாரை உண்டு அவதானியானவர் எவரும் இல்லை.

கவனத்துக்கு என்று உண்மையாகவே உடனடிப் பலன் காட்டிய இலை ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. தேயிலையில் உள்ள காஃபீனும், 1949இல் ஜப்பானியர் அதில் கண்டறிந்த தியானின் என்ற பொருளும் சேர்ந்து, கொஞ்ச நேரத்துக்குக் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன என்று பல பரிசோதனைகள் சொல்லுகின்றன. அந்த மூலிகை ஏற்கெனவே ஒவ்வொரு தெருமுனையிலும் கிளாஸில் கிடைக்கிறது. சாயங்காலத்துக்குப் பிறகு குடித்தால் உறக்கத்தைக் கெடுத்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடும்.

பெரியவர்கள் மறந்தால்

பிள்ளைகள் விஷயத்தில் இழப்பது பணமும் கொஞ்சம் தன்னம்பிக்கையும். முதியோர் விஷயத்தில் இழப்பது காலம். தைராய்டு சுரப்புக் குறைந்தாலும், பி12 சத்துக் குறைந்தாலும், மனச்சோர்வு பீடித்தாலும், தூக்கத்துக்கும் சிறுநீர்த் தொந்தரவுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் மறதி உண்டாகும். இவற்றை வேளையில் கண்டுபிடித்தால் பெருமளவு சரிசெய்துவிடலாம். சைவ உணவினருக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுவோருக்கும் பி12 குறைவு சகஜம். அப்படிப்பட்ட ஒருவர், வயதானால் மறதிதானே என்று ஓராண்டுக் காலம் மூலிகைக் குளிகை விழுங்கிக்கொண்டிருந்தால், நரம்புகளுக்கு நேர்ந்த சேதத்தில் ஒரு பகுதி மீளாமலே போய்விடக்கூடும்.

மறதிநோயைத் தள்ளிப்போடுவதற்கு வழியே இல்லையென்று நினைத்து மூலிகையைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. 'லான்செட்' மருத்துவ இதழ் நியமித்த குழு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களை ஒழித்தால் உலகத்து மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்கிறது. ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, தனிமை என்று போகிற அந்தப் பட்டியலில் காது மந்தமும் கண் மங்கலும் சேர்ந்திருப்பதைப் பலர் அறியமாட்டார்கள். காது கேட்கும் கருவியை வெட்கப்பட்டு ஒதுக்கும் தாத்தா, ஞாபக மாத்திரையை மட்டும் கூச்சமின்றி வாங்கிக்கொள்கிறார்.

மூலிகையிலிருந்து ஞாபகத்துக்கு மருந்தே பிறக்கவில்லையா என்றால், பிறந்திருக்கிறது. ஐரோப்பாவில் பனி உருகும் பருவத்தில் பூக்கும் ஒரு சிறு வெண்பூச் செடியின் கிழங்கிலிருந்து, ஐம்பதுகளில் பல்கேரிய நாட்டார் மருந்தாக்கிய கேலன்டமின், இன்று அல்சைமர் நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. அது நோயைத் தீர்ப்பதில்லை; சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கிறது. அளவு கூடினால் வாந்தியும் நாடித்துடிப்புக் குறைவும் வரும் என்பதனால் மருத்துவரின் மேற்பார்வை அவசியம். இதையே அமெரிக்காவில் 'ஞாபகச் சத்து' என்று சீட்டில்லாமல் விற்றவற்றை வாங்கிச் சோதித்தபோது, சில புட்டிகளில் அட்டையில் கண்ட அளவில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. வேறு சிலவற்றில் அட்டையில் கண்டதைவிடக் கூடுதலாகவும் இருந்தது.

கடைசியாக, வீட்டில் கிங்கோவோ அதைப் போன்ற ஞாபகக் குளிகையோ சாப்பிடும் பெரியவர் இருந்தால், அந்தப் புட்டியை மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டவேண்டும். இருதயத்துக்காக வார்ஃபரினோ ஆஸ்பிரினோ உட்கொள்பவருக்குக் கிங்கோ ரத்தக்கசிவின் அபாயத்தை மிகுதிப்படுத்தக்கூடும். பல்லைப் பிடுங்குவதற்கும் கண்புரை அறுவைக்கும் முன்னால்கூட இதைத் தெரிவிப்பது அவசியம். 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று மருத்துவர் கேட்கும்போது நம் பெரியவர்கள் இல்லையென்றுதான் சொல்கிறார்கள்; நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூடப் போகிறவர்கள்தாம் எடுத்துச் சொல்லவேண்டும்.